பொற்கொடி விட்டுக்கொடுத்த புதன்கிழமை

சண்முகப்பிரியாவின் புதன்கிழமை சாயங்காலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. வடவள்ளியில் அவள் வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்குக் கல்யாண ரிசப்ஷன் வந்தால் அவள் கணவன் சபரீஷ் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான். மாமியாரே ஊரிலிருந்து வந்திருந்தாலும் மாடி அறைக் கதவு சாத்தித்தான் இருக்கும். உள்ளே பிரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நேரில் பார்த்தேயிராத யாரோ ஒருவரிடம், "அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஊருக்கு உபகாரம் செய்கிற வேலைதான். ஆனால் அன்னதானம், கண் சிகிச்சை முகாம் போலக் கண்ணுக்குத் தெரிகிற உபகாரம் இல்லை. எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்ற பெயரில் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. கண்ணில் பட்டவருக்கு மனம் இளகி உதவுவதைவிட, உட்கார்ந்து கணக்குப் பார்த்து, நம் பணமும் நேரமும் எங்கே போனால் அதிகம் பேருக்கு அதிகம் நன்மையோ அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத கொள்கையோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை சபரீஷைக் கேட்டால் சொல்வான்.

இந்தக் கூட்டத்துக்கு ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்கள் உண்டு. படிக்கிற, வேலைக்குப் போகிற இளவட்டங்கள் சம்பளம் இல்லாமல் அவற்றை நடத்துவார்கள். புத்தகம் படித்து விவாதிப்பார்கள், புது ஆட்களைச் சேர்ப்பார்கள், என்ன படித்தால், எந்த வேலைக்குப் போனால் உலகத்துக்கு உபயோகம் என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்வார்கள். ஆரம்பத்தில் தலைகால் புரியாத உற்சாகம் இருக்கும். ஒரு வருடத்தில் பாதிப் பேர் ஓய்ந்துபோவார்கள். அப்படி ஓயாமல் தாங்கிப் பிடிக்கத்தான் கொஞ்சம் அனுபவப்பட்டவர்களை மென்ட்டர்களாகப் போட்டிருந்தார்கள். மென்ட்டர் என்றால் குரு இல்லை, மேலதிகாரியும் இல்லை, கூடவே நடக்கிறவர் என்று விளக்கம் கொடுப்பார்கள். பிரியா தென்னிந்தியக் குழுத் தலைவர்கள் சிலருக்கு மென்ட்டர். புதன்கிழமை சாயங்காலம் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயிற்சியெல்லாம் கொடுத்திருந்தார்கள். பயிற்சியின் சாரம் இதுதான்: பதில் சொல்லாதே, கேள்வி கேள். அவர்கள் சிக்கலை அவர்களே அவிழ்க்கட்டும். நீ அவிழ்த்துக் கொடுத்தால் நாளைக்கும் உன்னிடமே வந்து நிற்பார்கள். பிரியாவுக்கு இது முதலில் வரவே இல்லை. தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் பிறந்தவள். யாராவது வாயைத் திறப்பதற்குள் இப்படிச் செய், அங்கே போ, அவரைப் பார் என்று யோசனை சொல்கிற வீடு அது. அந்தப் பழக்கத்தை விட அவள் படாத பாடு பட்டாள். விட்ட பிறகு, விட்டுவிட்டோம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

கோயம்புத்தூர்க் குழுவை நடத்தியவள் பொற்கொடி. கருமத்தம்பட்டிப் பெண். அப்பா வேலுமணி தறி ஓட்டுகிறவர், அம்மா மாசாணியம்மாள் தறிக்கு நூல் சுற்றுகிற வேலைக்குப் போகிறவர். பொற்கொடி அரசுக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு நூல் வியாபாரியின் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி காந்திபுரம் வந்து, ஒரு பேக்கரியின் மாடியில் குழுவைக் கூட்டுவாள். மொத்தமே நான்கைந்து பேர்தான் வருவார்கள். டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு, எந்த நாட்டில் எந்த நோய்க்கு எந்த மருந்து கொடுத்தால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும் என்று பேசுவார்கள். பிரியா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மற்றபடி இருவரும் திரையில் பார்த்துக்கொள்வதோடு சரி.

பிரியாவுக்கு வாய்த்தவர்களிலேயே தொந்தரவு இல்லாதவள் பொற்கொடிதான். முதல் வாக்கியமே, "அக்கா, உங்களுக்கு நேரமிருக்குங்களா?" என்றுதான் இருக்கும். ஒரு மணி நேரம் முடிவதற்கு முன்பே நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவாள். புலம்பல் கிடையாது. ஆள் வரவில்லை என்று அழுவது கிடையாது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நல்லா இருக்கறேனுங்க அக்கா, நீங்க சொல்லுங்க" என்று பந்தை இந்தப் பக்கமே தள்ளிவிடுவாள். சில நாட்களில் பொற்கொடி கேள்வி கேட்டு, பிரியா தன் ஆபீஸ் கஷ்டத்தையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறாள். அழைப்பை முடித்த பிறகுதான் யாருக்கு யார் மென்ட்டர் என்று அவளுக்கு உறைக்கும்.

தனக்காகப் பொற்கொடி கேட்டது ஒரே ஒரு உதவி. சென்னையில் ஒரு கல்லூரியில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்க விண்ணப்பம் போட வேண்டும், கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அங்கே ஓர் அறக்கட்டளை உதவித்தொகை உண்டு. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பொற்கொடிக்கு இதுதான் கடைசி வருடம். கட்டுரை பிரமாதமாக இருந்தது. பிரியா அங்கங்கே ஒரு வார்த்தையை மாற்றிவிட்டு, நிச்சயம் கிடைக்கும் என்று சொன்னாள்.

அதன் பிறகு ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பொற்கொடியிடமிருந்து நீளமான செய்தி ஒன்று வந்தது. அடுத்த நாள் அவளுடைய முறை. சென்னைக் குழுவை நடத்துகிற வம்சி பெரிய மாநாடு ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான், நூற்றுக்கணக்கானவர்கள் வரப்போகிறார்கள், அவனுக்கு இப்போது பிரியாவின் உதவி அதிகம் தேவைப்படும் என்று எழுதியிருந்தாள். தன் குழுவோ நான்கு பேர் குழு. அக்காவின் ஒரு மணி நேரம் இங்கே செலவாவதைவிட அங்கே செலவானால் பல மடங்கு பயன். ஆகவே நாளைய நேரத்தை மட்டுமல்ல, இனிமேல் தன் முறையையே வம்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அவசியம் ஏற்பட்டால் தானே கூப்பிடுவதாக முடித்திருந்தாள்.

படித்ததும் பிரியாவுக்குப் புல்லரித்தது. இப்படிக் கணக்குப் பார்க்கத்தானே எல்லோரையும் பழக்குகிறோம், சொந்த விஷயத்தில் இப்படிப் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று நினைத்தாள். இதய பொம்மை ஒன்றைப் போட்டு, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று பதில் எழுதினாள். மாதக் கூட்டத்தில் எல்லாத் தலைவர்களும் திரையில் இருக்கும்போது பொற்கொடியின் பெயரைச் சொல்லி இதை எடுத்துக்காட்டாகவும் சொன்னாள். எல்லோரும் கை தட்டுகிற பொம்மை போட்டார்கள். தன் சின்னக் கட்டத்துக்குள் பொற்கொடி தலையைக் குனிந்து சிரித்தாள். சென்னைக் கல்லூரி என்ன ஆயிற்று என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். பிரியா கேட்கத்தான் நினைத்தாள். அடுத்த ஆள் பேச ஆரம்பித்ததில் மறந்துபோயிற்று.

ஆகஸ்டில் கோயம்புத்தூர்க் குழுவைச் சேர்ந்த உதய் என்ற பையன் செய்தி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்று ரொம்ப நாளாகிறது, இனி நடக்குமா என்று கேட்டிருந்தான். பொற்கொடி சென்னை போய்ச் சேர்ந்திருப்பாள், அதனால்தான் நின்றிருக்கும் என்று பிரியா பதில் போட்டாள். போகவில்லையே, இடம் கிடைத்தும் வேண்டாமென்று விட்டுவிட்டாளே, உங்களுக்குத் தெரியாதா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

பிரியா உடனே போன் போட்டாள். பொற்கொடி எடுத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா மொபட்டில் வேலைக்குப் போகும்போது ரோட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள், அம்மாவும் வேலைக்குப் போயாக வேண்டியிருப்பதால் தூக்கி உட்கார வைக்கவும் கழிவறைக்குக் கூட்டிப்போகவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்றாள். அடுத்த வருடத்துக்குள் எழுந்து நடந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னாராம். இடையில் நூல் வியாபாரி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க விட்டிருப்பது பெரிய உதவி என்றாள். எப்போது விழுந்தார் என்று பிரியா கேட்டாள். ஜூனில் என்றாள் பொற்கொடி. அந்தச் செய்தி அனுப்பினாளே, அதற்கு முந்தின வாரம்.

பிரியா போனை வைத்துவிட்டுக் கல்லூரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கேட்டுப் பார்ப்பது அவள் ரத்தத்தில் ஊறியது. ஒரு தடவை யானை வந்து தோப்பில் தென்னங்கன்றுகளை மிதித்துப் போனபோது, நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுக்கும் தேதி முடிந்த பிறகும் அவள் அப்பா காளிச்சாமி போய்க் கேட்டார். கேட்டார், கேட்டார், வாங்கிக்கொண்டுதான் வந்தார். கேட்டால் கிடைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். அலுவலகத்தில் ஒரு பெண்மணி பொறுமையாகப் பதில் சொன்னார். இந்த மாதிரி வீட்டுச் சிரமம் எல்லா வருடமும் யாருக்காவது வரும், சேரும் தேதிக்கு முன்னால் இரண்டு வரி மெயில் அனுப்பினால் இடத்தையும் உதவித்தொகையையும் ஒரு வருடம் அப்படியே வைத்திருப்போம் என்றார். ஆனால் இந்தப் பெண் இடம் வேண்டாம் என்றே எழுதிவிட்டாள். காத்திருந்தவருக்குக் கொடுத்தாயிற்று, அவர் வந்து சேர்ந்து வகுப்பும் ஆரம்பித்தாயிற்று. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் உதவித்தொகைக்கு வருட வரம்பு தாண்டிவிடும்.

இரண்டு வரி மெயில். அந்தப் புதன்கிழமை பொற்கொடி வந்திருந்தால் பிரியா இதைச் சொல்லியிருப்பாள். கேள்வி கேள், பதில் சொல்லாதே என்ற பயிற்சியெல்லாம் பறந்திருக்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே, முட்டாள்தனமா விட்றாதே கண்ணு, ஒரு வருசம் தள்ளிக் கேளு என்று சொல்லி, மெயிலையும் தானே எழுதிக் கொடுத்திருப்பாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. கல்லூரித் தலைவருக்கு எழுதினாள். அறக்கட்டளைக்கு எழுதினாள். முன்பு ஒரு மாநாட்டில் பழகிய ஒருவர் அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார் என்று தெரிந்து அவரையும் பிடித்தாள். அப்பாவிடம் சொன்னாள். காளிச்சாமி தன் வகையில் யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஆள் உக்காந்துட்ட எடத்துல என்னன்னு கேக்கறது அம்மணி" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு விஷயத்தில் கைவிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மென்ட்டர்களுக்கும் மேலே ஒரு மென்ட்டர் உண்டு. பிரியாவுக்கு லண்டனில் ஒருவர். நல்ல மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, இதில் உன் கட்டுப்பாட்டில் இருந்தது எது, இல்லாதது எது என்று கேட்டார். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் அவளே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. துக்கத்தில் இருக்கிற ஒருத்தரிடம் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அழைப்பை முடித்ததும் கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடினாள். சபரீஷ் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

சனிக்கிழமை காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறி கருமத்தம்பட்டிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. போய் என்ன சொல்லப்போகிறாள்? ஒரு மெயில் போட்டிருந்தால் போதும் என்று சொல்வதா? சொல்லாமல் ஆறுதல் கூறிவிட்டு வருவதா? சூலூர்ப் பிரிவு தாண்டும்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். கருமத்தம்பட்டியில் இறங்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பொற்கொடி நால்ரோட்டுக்கு வந்து நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "ஏனுங்க அக்கா இத்தன தூரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபடியே தறிக்குடோன்களுக்குப் பின்னாலிருந்த சந்துக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் மாசாணியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மணிக்கு எந்த ஊருங்க என்று கேட்டார். தொண்டாமுத்தூர் என்றாள் பிரியா. யாரு ஊடுங்க என்று கேட்டார். அதை எதற்குக் கேட்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தோப்புக்காரர் காளிச்சாமி பெண் என்றதும் மாசாணியம்மாள் உட்காரப் போனவர் அப்படியே நின்றுகொண்டார். குடிக்கக் கொடுக்க வேண்டுமே என்று தவித்து, கடையில் கலர் வாங்கிவரட்டுமா என்று கேட்டார்.

"தண்ணியே குடுங்கம்மா, போதும்."

மாசாணியம்மாள் மகளைப் பார்த்தார். பொற்கொடி போய்ச் சொம்பில் மோந்து கொண்டுவந்தாள். பிரியாவுக்குத் தாகமே இல்லை. இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்ததற்குத் தன்னைத்தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். மெச்சிக்கொண்டது உறைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது. இந்த வீட்டில் ஒருத்தரிடம் போய் ஒன்றைக் கேட்பது என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பிரியாவின் வீட்டில் கேட்பது என்றால் வெறும் பேச்சு. இங்கே அது ஒரு வாசலில் போய் நிற்பது. இடம் கிடைத்ததே பெரிது என்று இருக்கிறவளுக்கு, கொடுத்தவர்களிடமே போய் எனக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று சொல்லலாம் என எப்படித் தோன்றும்?

வேலுமணி சுவரோரக் கட்டிலில் கிடந்தார். அவளைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம், வேண்டாம் என்று பிரியாவும் பொற்கொடியும் தடுத்தார்கள். அவர் பொற்கொடியைக் காட்டி, இது உங்களைப் பற்றி நிறையச் சொல்லும், இங்கிலீஷில் பேச, எழுத எல்லாம் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று சொல்லும் என்றார். பிரியா அப்படியெல்லாம் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொற்கொடி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மெட்ராசுல படிக்கறதுக்குக் கெடச்சுதுங்க. எங்காலாலதானுங்க கெட்டுப்போச்சு" என்றார் வேலுமணி. "நாம்பொறந்த நேரமுங்க. அந்த வண்டிய அன்னைக்கு எடுக்காம இருந்திருக்கோணும்."

உங்கள் காலால் இல்லை என்ற வாக்கியம் பிரியாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் வேறு யாரால் என்று அவர் கேட்பார். ஒரு மனிதர் படுத்த படுக்கையில் மகளின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று மருகிக்கொண்டிருக்கிறார், அது அவர் தப்பில்லை என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தே இருந்தாள். சீக்கிரம் சரியாகிவிடும் என்று என்னவோ சொன்னாள்.

பிறகு பொற்கொடி அவளைப் பஸ்ஸுக்கு அனுப்பக் கூட வந்தாள். தறிச் சத்தம் தாண்டியதும் பிரியா பேச ஆரம்பித்தாள். ஜூனிலேயே ஏன் சொல்லவில்லை, அப்பா விழுந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். இந்தத் தடவை அது பயிற்சிக் கேள்வி இல்லை.

பொற்கொடி தயங்கினாள். "அந்தப் பொதங்கெழம சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். அப்பறம் நெனச்சுப் பாத்தா, குரூப் விசியம் ஒன்னுமே இல்லீங்க. பூராவும் எங்க ஊட்டு விசியம். அந்த நேரம் குரூப்புக்குன்னு குடுக்கறதுங்களே. அங்க வம்சியண்ணன் அத்தன பேருக்கு ஏற்பாடு பண்ணிட்டு இருக்கறாரு, நான் எங்கப்பா காலப் பத்திப் பேசி உங்க நேரத்த எடுத்தா நல்லா இருக்குமுங்களா?"

அதைப் பேசத்தான் அந்த நேரம் என்று பிரியா சொல்ல நினைத்தாள். ஆனால் அப்படி ஒரு நாளும் அவள் சொல்லியிருக்கவில்லை. சொன்னதெல்லாம் வேறு. நேரத்துக்குக் கணக்குப் பார் என்று சொன்னாள், பார்த்தவளைக் கூட்டத்தில் பாராட்டினாள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு பொற்கொடி திரும்பி வந்து எனக்கு அந்த நேரம் வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்? கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல பிரியாவுக்கு முகம் எரிந்தது. இனிமேலாவது வா, புதன்கிழமை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினாள். உங்களுக்கு வாரத்தில் ஓய்வாக இருப்பது அந்த ஒரு நாள்தானே அக்கா, அதை எதற்குக் கெடுத்துக்கொள்கிறீர்கள், தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன் என்று பொற்கொடி மரியாதையாகக் கதவைச் சாத்தினாள். கூப்பிட மாட்டாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

நால்ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றார்கள். பிறகு பொற்கொடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒரு வருசம் தள்ளி வெய்யுங்கன்னு கேட்டிருந்தா அவீங்க குடுத்திருப்பாங்களா?"

எத்தனையோ வருடப் பழக்கத்தில் பிரியாவுக்கு முதலில் வாயில் வந்தது எதிர்க்கேள்விதான். நீ என்ன நினைக்கிறாய்? அதை விழுங்கினாள். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே சொல்லலாம், அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். பொற்கொடி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடுத்திருப்பாங்க கண்ணு."

"ஒரு லெட்டர் எழுதிக் கேட்டிருந்தாப் போதுமுங்களா?"

"மெயில் போட்டிருந்தாலே போதும். நான் விசாரிச்சேன்."

பொற்கொடி தலையை ஆட்டினாள். துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்தாள். ரோட்டுத் தூசி என்று நினைத்துக்கொள்ளும்படியாகத்தான் துடைத்தாள். திருப்பூர் போகிற பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. பிரியாவுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுரோட்டில் அது அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றி, தோளில் மட்டும் கையை வைத்தாள். தோள் அசையாமல் இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிராதீங்க அக்கா" என்றாள் பொற்கொடி. "கால்னாலன்னே நெனச்சுக்கட்டும். அவருக்கு அதே பழகிப்போச்சு. இதச் சொன்னா அம்மாவும் சேந்து வெசனப்படும்."

சொல்ல மாட்டேன் என்றாள் பிரியா.

காந்திபுரம் பஸ் வந்தது. பிரியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொற்கொடி ஜன்னல் பக்கமாக ஓடி வந்தாள். ஏதோ முக்கியமானதை மறந்துவிட்டவள் போல அவசரம் அவள் முகத்தில். ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லப் போகிறாளோ என்று பிரியா ஆசையோடு தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, இந்தத் தள்ளிக் கேக்கற விசியத்த மத்த குரூப்காரங்களுக்கெல்லாம் சொல்லிப்போடுங்க. யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. நெறையப் பேருக்கு உபயோகமா இருக்கும்."

பஸ் கிளம்பிவிட்டது. பிரியாவுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்காதது போல இருந்துகொண்டார். சொன்னதைச் செய்வதைத் தவிர அந்தப் பெண்ணுக்காக இனி அவளால் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை. போனை எடுத்துக் குழுத் தலைவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்தாள். யார் பெயரும் போடவில்லை. உங்களுக்கோ உங்கள் குழுவில் யாருக்கோ படிக்க இடம் கிடைத்து, வீட்டுச் சூழ்நிலையால் சேர முடியாமல் போனால், வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள், ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள் என்று எழுதி அனுப்பினாள்.

பஸ் நீலாம்பூர் தாண்டுவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. இது எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். ரொம்ப உபயோகமான தகவல் என்றார் இன்னொருவர். இதை நம் கையேட்டில் சேர்த்துவிடலாம் அக்கா என்று வம்சி யோசனை சொல்லியிருந்தான். அதற்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பிரியா தொட்டுப் பார்த்தாள். முதல் ஆளாகப் போட்டிருந்தவள் பொற்கொடி.